களிம்பு முனையில்தான் ஏறும்: கடலோரக் கூடத்துக்கு மைக், ஸ்பீக்கர், புரொஜெக்டர் ஒயரிங்

பாம்பனிலோ கீழக்கரையிலோ இரண்டு மூன்று வருடம் ஓடிய ஒரு ஸ்பீக்கர் ஒயரின் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் புதுசு போலத்தான் இருக்கும். ஒரு அங்குலம் உரித்தால் செம்பு கறுத்திருக்கும். இழைகளுக்கு நடுவே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். இன்னும் இரண்டு அங்குலம் உரித்தாலும் கறுப்புதான். அப்படியே உரித்துக்கொண்டு போனால், ஏறக்குறைய ஒரு சாண் தாண்டியதும் செம்பு புதுக் காசு மாதிரி பளிச்சிடும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மெல்லிய இழைகளின் சந்துகள் உப்பு ஈரத்தை முனையிலிருந்து உள்ளே இழுத்திருக்கின்றன. நடுவில் இருக்கும் ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கரையில் கேபிள் சாவது முனையில்தான். அதனால் வேலை முழுக்க மூன்றே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்: இந்த இடத்தில் ஒரு முனை தேவையா, தேவை என்றால் அதைக் கூரைக்கு உள்ளே கொண்டுவர முடியுமா, முடியாது என்றால் எப்படி மூடுவது? 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. நம் வேலைக்கு அவ்வளவு செலவு இல்லை. நல்ல செம்பு, பசை தடவிய ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய் உறை), கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

பேசுவதற்கு ஒரு கூடத்தை வைத்துக்கொள்வோம். 80 அடி நீளம், 40 அடி அகலம், கடலிலிருந்து 300 மீட்டருக்குள். ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் மிக்சர் மேஜை. மேடையின் இரு பக்கமும் இரண்டு சவுண்டு பாக்ஸ், நடுக்கூடத்தில் இரண்டு, வெளியே முற்றத்தைப் பார்த்து இரண்டு ஹாரன் (கூம்பு ஒலிபெருக்கி), மேடைத் திரைக்கு ஒரு புரொஜெக்டர். கோயில் மண்டபமோ, பள்ளிவாசல் கூடமோ, ஆலய வளாகமோ, கல்யாண மகாலோ, கணக்கு இதேதான்.

முதலில் காற்று, பிறகு சுவர்

மண்டபம் ஊரிலிருந்து ராமேஸ்வரம் வரை இரண்டு பக்கமும் கடல். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பக்கச் சுவர் உப்பு வாங்கும். வாடைக் காலத்தில் வடகடல் பக்கச் சுவர். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கிழக்குச் சுவர்தான் அதிகம் வாங்கும். கூடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள். எந்தப் பக்கக் கம்பி அதிகமாகத் துருவேறி உரிந்திருக்கிறதோ, அந்தச் சுவரில் பாக்ஸ், சாக்கெட், ஜாயின்ட் எதுவும் வேண்டாம். பைப் மட்டும் போகலாம்.

ஆம்ப்ளிஃபயர் ரேக் எங்கே என்பதுதான் அடுத்த முடிவு. புதிதாக வருகிறவர்கள் மிக்சருக்குப் பக்கத்திலேயே ஆம்ப்பையும் வைத்து, நாலு ஸ்பீக்கர் ஒயரையும் கூடத்தின் முழு நீளத்துக்கு இழுப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஆம்ப் மேடைக்குப் பக்கத்து அறையில் இருக்கட்டும். மிக்சரிலிருந்து பேலன்ஸ்டு லைனாக, அதாவது ஒரே சிக்னலை இரண்டு ஒயரில் நேராகவும் தலைகீழாகவும், அனுப்பினால் 35 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. ஸ்பீக்கர் ஒயருக்குத்தான் தூரம் பகை.

அளந்து எழுதுதல்

தரையில் டேப்பைப் போட்டு அளந்தால் கேபிள் பற்றாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரை நீளம், ஏற்றம், இறக்கம், இரு முனையிலும் ஒரு மீட்டர் மிச்சம் என்று கூட்டுங்கள். அந்த ஒரு மீட்டர் மிச்சம் இங்கே ஆடம்பரம் அல்ல. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதிதாக முனை போட அதுதான் இருப்பு.

நம் கூடத்துக்குக் கணக்கு இப்படி வரும். மிக்சரிலிருந்து மேடை வரை 24 மீட்டர் நீளம், ஏற்ற இறக்கம் 6, மிச்சம் 2, ஆக 32. எட்டு மைக் போக, நான்கு லைன் திரும்ப வர என்று 12 ஜோடி மல்டி கோர் (ஒரே தோலுக்குள் பல ஜோடி ஒயர்) 35 மீட்டர் வாங்குங்கள். முன் பாக்ஸ் இரண்டுக்கும் தலா 15 மீட்டர், நடுக்கூட பாக்ஸ் இரண்டுக்கும் தலா 25 மீட்டர், 2.5 ச.மி.மீ. (சதுர மில்லிமீட்டர்) இரட்டை ஒயர் மொத்தம் 80, ஒரு 100 மீட்டர் சுருள் எடுத்தால் சரியாக இருக்கும். வெளி ஹாரனுக்கு 1.5 ச.மி.மீ. 40 மீட்டர். புரொஜெக்டருக்கு கேட்-6 (கம்ப்யூட்டர் நெட்வொர்க்) கேபிள் 35 மீட்டர் வீதம் இரண்டு ஓட்டம்; ஒன்று வேலைக்கு, ஒன்று சும்மா கிடக்க. மேடையிலிருந்து மிக்சருக்கு மூன்று கோர் 2.5 ச.மி.மீ. கரண்டு ஒயர் 35 மீட்டர். இது ஏன் என்று பின்னால் வரும்.

செம்புதானா என்று பாருங்கள்

கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஒயர் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே தடிமனில் தூய செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. அது கூடப் பெரிய குறை இல்லை, தடிமனைக் கூட்டிச் சமாளிக்கலாம். உப்புக் காற்றில் செம்பும் அலுமினியமும் ஒட்டி நின்றால் அலுமினியம் தின்னப்பட்டு வெள்ளைப் பொடியாகப் போகும். திருகாணியின் கீழே இறுக்கிய முனை ஒரு மழைக்காலத்தில் தளர்ந்துவிடும்.

சோதனை சுலபம். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அலுமினியம். வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. இதைப் பார்த்து அலுமினியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். படகுகளில் போடும் தரம் அதுதான். கிடைத்தால் வெளி ஓட்டங்களுக்கு அதையே வாங்குங்கள். இன்னொரு சோதனை: ஒரு இழையைத் தீக்குச்சிச் சுடரில் காட்டினால் அலுமினிய இழை துவண்டு அறுந்துவிடும், செம்பு கருகினாலும் நிற்கும்.

தடிமனுக்கு ஒரு கணக்கு. 25 மீட்டர் தள்ளி 8 ஓம் பாக்ஸ். ஒயர் போக வர 50 மீட்டர். 2.5 ச.மி.மீ. செம்பு என்றால் தடை சுமார் 0.4 ஓம்; பாக்ஸுக்கு 100 வாட் போக வேண்டிய இடத்தில் 90 போகும். 1 ச.மி.மீ. போட்டால் தடை ஒரு ஓமைத் தொடும். 79 வாட்தான் சேரும். அதுவே அலுமினிய ஒயர் என்றால் 71. பாக்ஸ் 4 ஓம் என்றால் இன்னும் மோசம்: 1 ச.மி.மீ. செம்பிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்ஸுக்குச் சேராது. "ஆம்ப் சின்னதுண்ணே, பெருசா மாத்தணும்" என்று கமிட்டியில் பேச்சு எழும் பல கூடங்களில் மாற்ற வேண்டியது ஒயர்தான்.

பைப்

மைக் மல்டி கோருக்கு ஒரு பைப், ஸ்பீக்கருக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே பைப்பில் திணிக்கக் கூடாது. மைக் லைனும் கரண்டு லைனும் இணையாக ஓடினால் நடுவே ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே வெட்ட வேண்டிய இடத்தில் நேர் குறுக்காக, சிலுவை போல வெட்டட்டும். பைப்பின் உள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் இழுக்கும்போது தோல் கிழியும். இரண்டு வளைவுக்கு மேல் போனால் நடுவில் ஒரு இன்ஸ்பெக்ஷன் பாக்ஸ் வையுங்கள். அது கேபிளை இழுத்துவிட மட்டும். அங்கே ஜாயின்ட் போடக் கூடாது.

புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ போகும் பைப் 40 மி.மீ. இருக்க வேண்டும். 25 மி.மீ. பைப்பில் கேபிள் நுழையும், தலை நுழையாது. அதற்காகத் தலையை வெட்டினால் மேஜையில் உட்கார்ந்து திரும்பப் பற்றவைக்க முடியாது, 19 பின்.

சாடில், ஆணி, திருகு எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத எஃகில் எஸ்எஸ்-304 பரவாயில்லை, எஸ்எஸ்-316 கிடைத்தால் நல்லது. சாதா இரும்புத் திருகு ஒரே வருடத்தில் தலை உதிர்ந்து, கழற்றவும் முடியாமல் இறுக்கவும் முடியாமல் நிற்கும். கேபிள் டையில் வெள்ளை வேண்டாம். வெயிலில் பொரிந்து ஒடியும், கறுப்பு தாங்கும். தகரக் கொட்டகை என்றால் பைப்பைத் தகரத்தோடு ஒட்டி ஓட விடாமல் ஒரு சாண் கீழே இறக்குங்கள். சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் பிவிசி இளகும்.

எலிக்கு வழி விடாதீர்கள். பைப்பின் இரு வாயையும் எஃகு நார் திணித்து அடைக்கச் சொல்வார்கள். இங்கே அதுவும் துருவேறிப் பொடியாகும். செம்பு வலை அல்லது சிமென்ட்தான் நிற்கும்.

கேனன் பின் போடுவது

மைக் கேபிளின் முனைக்குப் போடும் பின் இது. எக்ஸ்எல்ஆர் என்று பெட்டியில் எழுதியிருக்கும், கடையில் கேனன் பின் என்றால்தான் தருவார்கள். மூன்று கால்: 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. எண்கள் பின்னுக்குள்ளேயே மிகச் சிறிதாகப் பொறித்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மைக் பக்கம் பெண், மிக்சர் பக்கம் ஆண். மைக் ஒரே சிக்னலை 2-இல் நேராகவும் 3-இல் தலைகீழாகவும் அனுப்புகிறது. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், பேச்சு இரட்டிக்கும். மூன்று கால் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும்.

1. பின்னின் பின்மூடி, கவ்வி, 5 செ.மீ. நீளப் பசை ஷ்ரிங்க் ஸ்லீவ் மூன்றையும் முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள். பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேஜையில் சிரித்துக்கொண்டு கிடப்பது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும்.

2. வெளித்தோல் 20 மி.மீ. உரியுங்கள். உள் ஒயர் இரண்டிலும் 4 மி.மீ. மட்டும். முனை கறுத்திருந்தால் சுரண்டிப் பயன் இல்லை, ஈயம் ஒட்டாது. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

3. ஷீல்டை முறுக்கி, அதன் மேல் ஒரு மெல்லிய ஸ்லீவ் போடுங்கள். வெறுமனே விட்டால் ஒரு நாள் பின் கூட்டிலோ 2-ஆம் காலிலோ உரசும்.

4. ஈயம் 60/40 அல்லது 63/37, நடுவில் ரோசின் உள்ளது. டப்பாவில் தனியாக விற்கும் அமிலப் பேஸ்ட் தொடவே வேண்டாம். அதன் மிச்சம் ஈரத்தை இழுத்து, உப்பு செய்வதை விடச் சீக்கிரம் செம்பைத் தின்னும். அயர்ன் 350 டிகிரி. ஒயருக்கும் காலுக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்த்து இரண்டு மூன்று விநாடி. ஊதி ஆற்றாதீர்கள். ஆறிய ஈயம் வழவழப்பாக, ஒயரைத் தழுவி இருக்க வேண்டும். மண் உருண்டை மாதிரி தனியே நின்றால் மறுபடி.

5. பழைய பல் துலக்கும் பிரஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ரோசினைத் துடைத்து, காய்ந்ததும் பசை ஸ்லீவைப் பின்னின் பின்புறத்தில், தோல் உரித்த இடத்தை முழுவதும் மூடுகிற மாதிரி நகர்த்திச் சூடாக்குங்கள். ஓரத்தில் பசை ஒரு வளையமாகப் பிதுங்கி வந்தால்தான் அடைபட்டது என்று பொருள். உள்நாட்டில் இந்த ஸ்லீவை யாரும் போடுவதில்லை. இங்கே போட்ட பின்னுக்கும் போடாத பின்னுக்கும் வித்தியாசம் ஒரு வாடைக் காலத்திலேயே தெரியும்.

6. கவ்வி ஒயரின் வெளித்தோலைப் பிடிக்க வேண்டும், உள் ஒயரை அல்ல. பிறகு மல்டிமீட்டரில் 1-1, 2-2, 3-3 பீப் கேட்டு, 1-2, 2-3, 1-3 மௌனமா என்று பாருங்கள். பார்க்கும்போது கேபிளைக் கழுத்தருகே ஆட்டுங்கள்.

எது பிழைத்தால் எப்படிக் கேட்கும்? ஷீல்டு அறுந்தால் உறுமல் வரும். 48 வோல்ட் ஃபேண்டம் (மிக்சர் கேபிள் வழியாகவே மைக்குக்கு அனுப்பும் கரண்டு) தேவைப்படும் கண்டென்சர் மைக் அடியோடு ஊமையாகும். 2 அல்லது 3 அறுந்தால் சத்தம் மிகவும் மெலிந்து இரைச்சல் கூடும். இதைத்தான் "மைக் வீக்" என்று சொல்லி மைக்கை மாற்றிவிடுவார்கள். 2-உம் 3-உம் மாறிப்போனால் அந்த மைக் தனியாகப் பேசும்போது ஒரு குறையும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு மைக் திறந்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி, குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது போல மெலியும்.

உள் ஸ்பீக்கர்

ஆம்ப்பிலிருந்து பாக்ஸ் வரை ஒரே ஒயர், நடுவில் ஜாயின்ட் இல்லை. இரு முனையிலும் ஸ்பீக்கான் (சொருகித் திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் பின்). 1+ க்கு சிவப்பு, 1− க்கு கறுப்பு. பி-38 (கால் அங்குல) ஜாக்கில் ஸ்பீக்கர் ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் சொருகும்போதும் உருவும்போதும் ஆம்ப் ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு; விட்டுவிடுங்கள்.

எந்த ஒயர் பிளஸ் என்று குழம்பினால், ஆம்ப் பக்க முனையில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். பிளஸுக்கு பிளஸ் பட்டால் ஊஃபர் வெளியே தள்ளும். நாலு பாக்ஸும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று மாறியிருந்தால், இரண்டு பாக்ஸுக்கு நடுவே நிற்கிறவருக்குத் தவில் சத்தத்தில் அடி இருக்காது, தட்டு மட்டும் கேட்கும். உயர் ஒலி டிரைவரில் நேரடியாக பேட்டரி வைக்காதீர்கள்.

இரண்டு 8 ஓம் பாக்ஸை ஒரு சேனலில் பக்கவாட்டாக இணைத்தால் 4 ஓம். மூன்று இணைத்தால் 2.7, பெரும்பாலான ஆம்ப் அதைத் தாங்காது, நடுவிழாவில் புரொடெக்ட் விளக்கைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும்.

வெளி ஹாரன்

வெளியே 100 வோல்ட் லைன். ஹாரனோடு ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதில் 5, 10, 20, 30 வாட் என்று டேப்பிங், அதாவது ஹாரன் எவ்வளவு வாட் எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் முனைகள். இரண்டு ஹாரனையும் 30-இல் வைத்தால் 60 வாட்; ஆம்ப்பின் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் குறைந்தது 75 வாட் ஆம்ப் வேண்டும். வோல்ட் உயர்ந்தால் கரண்டு குறைகிறது: 60 வாட்டுக்கு 0.6 ஆம்பியர்தான். 40 மீட்டர் 1.5 ச.மி.மீ. ஒயரில் இழப்பு ஒரு வோல்ட் கூட வராது. மேலே 25 மீட்டருக்கு 2.5 போட்டுவிட்டு இங்கே 40 மீட்டருக்கு 1.5 போடுவது இதனால்தான்.

இதில் ஒரு பொறி. மல்டிமீட்டரை ஓம் வைத்து 100 வோல்ட் லைனை அளந்தால் சில பத்து ஓம்தான் காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் தடை அது, உண்மையான சுமை அல்ல. 30 வாட் டேப்பிங்கின் சுமை 333 ஓம். ஷார்ட்டா, அறுந்ததா என்று மட்டும் பாருங்கள். ஆம்ப் ஓடும்போது அந்த முனைகளைத் தொடாதீர்கள்; வீட்டுக் கரண்டைப் போலவே அடிக்கும்.

கோபுரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ கம்பத்துக்கு அந்தரத்தில் ஒயர் போனால், ஒயரே தன் கனத்தைத் தாங்கக் கூடாது. எஃகு வடம் ஒன்றைக் கட்டி, அதில் ஒரு அடிக்கு ஒரு டை போட்டு ஒயரைத் தொங்கவிடுங்கள். படகு நைலான் கயிறு கைக்குக் கிடைக்கும்தான். ஆனால் இழுபடும், வெயிலில் நையும், பிறகு பாரம் முழுக்க ஒயருக்கு வரும். இடி மின்னல் நாளில் வெளி லைனை ஆம்ப்பிலிருந்து உருவி வையுங்கள்.

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. ஹாரன் வாங்கும் முன்பே உள்ளூர்க் காவல் நிலைய அனுமதிச் சீட்டில் கூம்பு ஒலிபெருக்கி பற்றி நிபந்தனை உண்டா என்று படித்துவிடுங்கள். தடை என்றால் அதே லைனில், அதே டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் காலம் ஸ்பீக்கரை (தூண் போன்ற நீளப் பெட்டி) மாட்டலாம்.

வெளி முனையை மூடும் முறை

தவிர்க்கவே முடியாத முனை ஹாரனின் கழுத்தில் இருப்பதுதான். சாதா இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினால், வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, டேப் வாழைச்சருகு போலத் தொங்கும். சுற்றின இடுக்கில் ஈரம் தங்கி, டேப் இல்லாததை விட மோசமாக அரிக்கும்.

ஒயர் இரண்டையும் முறுக்கி, ஈயம் பற்றவைத்து, பசை ஸ்லீவ் தனித்தனியாகப் போடுங்கள். அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். இதைச் சும்மா சுற்றக் கூடாது; ஒரு மடங்கு நீளம் இரண்டு மடங்காக வருகிற அளவு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். இழுத்தால்தான் அது ஒன்றோடொன்று கலந்து ஒரே ரப்பர் ஆகும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். கூரைக்குக் கிடுகு எப்படி வேய்கிறோமோ அப்படி: மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறியிருந்தால் தண்ணீர் வழிந்துபோகும், மாறினால் உள்ளே புகும். கடைசியாக வெயிலுக்கு மறைப்பாக ஒரு சுற்று பிவிசி டேப்.

ஜங்ஷன் பாக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால் தூசும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி-65 தரத்தில், பிளாஸ்டிக்கில். கேபிள் கிளாண்ட் (ஒயர் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் திருகு மூடி) எல்லாம் அடிப்பக்கம். மேலேயோ பக்கத்திலோ துளைத்தால் தரம் போயிற்று. உள்ளே போகும் முன் ஒயர் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பெட்டியின் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுவது எங்கள் பழக்கம். அடைத்த பெட்டிக்கு ஏன் துளை என்று கேட்பார்கள். பகல் சூட்டில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது எப்படியும் ஈரத்தை உள்ளே இழுக்கும். வந்த தண்ணீர் போக வழி வேண்டும். முனைத் திருகுகளில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள், இறுக்கிய பிறகு.

புரொஜெக்டர்

சாதா செம்பு எச்டிஎம்ஐ கேபிள் 1080 தரத்துக்குப் பத்து மீட்டர் வரை நம்பலாம். 4கே 60 என்றால் ஐந்து மீட்டர். தாண்டினால் திரையில் வெள்ளைப் பொறி பறக்கும், அல்லது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கறுத்துப்போய்த் திரும்பி வரும். நம் கூடத்தில் மிக்சர் மேஜையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் என்பதால் இரண்டு வழி: ஒளியிழை எச்டிஎம்ஐ, அல்லது கேட்-6 மேல் எக்ஸ்டென்டர் (எச்டிஎம்ஐ படத்தை கேட்-6 வழியாக அனுப்பி மறுமுனையில் திரும்ப எச்டிஎம்ஐ ஆக்கும் ஒரு ஜோடிப் பெட்டி).

ஒளியிழைக் கேபிளுக்கு திசை உண்டு. ஒரு தலையில் சோர்ஸ், மறு தலையில் டிஸ்பிளே என்று எழுதியிருக்கும். பைப்பில் மாற்றி இழுத்துவிட்டால் மறுபடி முழுவதையும் உருவ வேண்டும். இழுக்கும் முன் தரையில் விரித்து, மாட்டி, படம் வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கரைக்கு எங்கள் ஓட்டு கேட்-6 எக்ஸ்டென்டருக்கு. காரணம் பழைய காரணம்தான்: முனை கெட்டால் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணலாம், பத்து ரூபாய் வேலை. ஒளியிழையில் முனை கெட்டால் கேபிளே போயிற்று.

கேட்-6 இழுத்த பிறகே பின் போடுங்கள். டி-568பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே. முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள். இங்கேயும் அலுமினிய ஒயர் நிறைய வருகிறது. மேலே சொன்ன பிளேடு சோதனை இதற்கும்.

லேப்டாப்பில் மாட்டுவதற்கு எக்ஸ்டென்டரிலிருந்து ஒரு மீட்டர் எச்டிஎம்ஐ துண்டு தனியாக வையுங்கள். தினமும் சொருகி உருவி, ஈரக் காற்றில் கிடந்து, தேய்ந்து கெடுவது அதுவாக இருக்கட்டும்.

கரண்டும் உறுமலும்

மேடை ரேக்குக்கு ஒரு ஃபேஸ், மிக்சருக்குப் பின் சுவர் சாக்கெட்டில் வேறொரு ஃபேஸ், வேறொரு எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சிறு வோல்ட் வித்தியாசம் மைக் கேபிள் ஷீல்டு வழியாக ஓடி "ம்ம்ம்" என்று உறுமும். பட்டியலில் 35 மீட்டர் மூன்று கோர் ஒயர் சேர்த்தது இதற்குத்தான்: மிக்சருக்குக் கரண்டை மேடை ரேக்கிலிருந்தே கொண்டுபோங்கள்.

உறுமல் வந்தால் தேடும் வரிசை. ஆம்ப்பின் இன்புட்டை எல்லாம் உருவுங்கள். இன்னும் உறுமினால் ஆம்ப். இல்லை என்றால் மிக்சரை மட்டும் சொருகுங்கள். பிறகு ஒவ்வொரு சேனலாக. பாதி நேரம் குற்றவாளி லேப்டாப் சார்ஜர்தான். சார்ஜரை உருவியதும் சத்தம் நின்றால் நடுவில் ஒரு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஐ பாக்ஸ் (லேப்டாப் லைனை பேலன்ஸ்டு லைனாக மாற்றும் சிறு பெட்டி) போடுங்கள். பிளக்கின் எர்த் காலை வெட்டினால் உறுமல் நிற்பது உண்மை. ஒரு நாள் ஏதாவது ஒரு பெட்டியில் ஃபேஸ் கூட்டில் பட்டால், அது மைக் பிடித்திருப்பவரின் கை வழியாகத்தான் தரைக்குப் போகும்.

திருவிழா ஜெனரேட்டரில் எதையும் சொருகும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 210 முதல் 250-க்குள். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். நியூட்ரல் தளர்ந்த மூன்று ஃபேஸ் லைனில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். ரேக் முழுவதும் ஒரு நொடியில் போகும். உப்பு ஏறிய நியூட்ரல் திருகு தளர்வது இந்த ஊரில் அபூர்வம் அல்ல. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம்.

ரேக் கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே நிற்கக் கூடாது. ஃபேன் உறிஞ்சும் இடத்தில் ஸ்பாஞ்ச் வடிகட்டி வைத்து மாதம் ஒரு முறை அலசுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கூடம் என்றால் வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரமாவது எல்லாவற்றையும் ஓட விடுங்கள். உள்ளே சேர்ந்த ஈரத்தை அந்தச் சூடு விரட்டும்.

கடற்கரை மேடைக்குக் கொண்டுபோன மைக் கேபிளை அப்படியே சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள். கடலுக்குப் போய்வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விடுவது போல, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் முழு நீளமும் துடைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு சுருட்டுங்கள். பின்னுக்குள் தண்ணீர் போகக் கூடாது. முழங்கையில் சுற்றினால் முறுக்கு ஏறி ஷீல்டு ஒடியும். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று உள்மடக்காக விட்டால் வீசும்போது முடிச்சில்லாமல் போகும்.

கணக்குத் தாள்

எல்லாம் முடிந்த அன்றே ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு உள் ஸ்பீக்கர் லைனின் தூர முனையில் இரண்டு ஒயரையும் ஒன்று சேர்த்துவிட்டு, ஆம்ப் பக்கத்தில் ஓம் அளந்து எழுதுங்கள். மீட்டரின் சொந்த ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும்; இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நடுக்கூட லைனுக்கு 0.4 வரும், முன் லைனுக்கு 0.25 அளவில். தேதியோடு பெயின்ட் மார்க்கரில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பால்பாயின்ட் மை ஈரத்தில் ஊறிப்போகும்.

ஒவ்வொரு புரட்டாசியிலும், வாடை தொடங்கும் முன், அதே அளவைத் திரும்ப எடுங்கள். 0.4 இருந்த லைன் 0.9 காட்டினால் பைப்புக்குள் இருக்கும் ஒயரை உருவ வேண்டாம். ஸ்பீக்கான் இரண்டையும் திறந்து, இரு பக்கமும் ஒரு சாண் வெட்டி, பளிச்சென்ற செம்பில் புது முனை போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.